மாறாநெய்

மஞ்சள்மேட்டில் யாரும் வண்டியை அணைப்பதில்லை. வீடு திரும்பியதும் வாசலில் நிறுத்தி, முன்மூடியைத் தூக்கி, சுவரிலிருந்து நீளும் வெப்பக்குழாயை எஞ்சினில் மாட்டிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். எஞ்சின் வெளியே உறுமிக்கொண்டே இருக்கும். சமையலின்போதும் தூக்கத்தின்போதும், கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த உறுமல் காதில் விழாவிட்டால் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தூக்கமே வராது.

காரணம் எளியது. மஞ்சள்மேடு இருப்பது சனிக்கோளைச் சுற்றும் டைட்டனில். வெளியே குளிர், பூஜ்ஜியத்துக்குக் கீழே நூற்று எண்பது டிகிரி. நாமெல்லாம் எரிபொருளைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டு, அதை எரிக்கும் காற்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அங்கே தலைகீழ். எரியும் மீத்தேன் காற்றிலேயே கலந்து கிடக்கிறது. அதை எரிக்க வேண்டிய உயிர்க்காற்றைத்தான் தொட்டியில் நிரப்ப வேண்டும். பனிக்கட்டியைப் பிளந்து உயிர்க்காற்று எடுக்கும் ஆலை ஒன்று ஊரில் இருந்தது. அதை இயக்கும் அணு உலைக்கு அந்த ஒரு வேலையே பெரும்பாடாக இருந்தது. ஆகவே வீட்டுச் சூடும் விளக்கும் வாசலில் நிற்கும் வண்டியிலிருந்துதான் வந்தாக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, இருநூற்றுப் பன்னிரண்டு வண்டி. ஒரு வண்டி நின்றால் அரை நாளில் அந்த வீடு உறைந்துவிடும்.

அந்தக் குளிரில் இறுகாத எஞ்சின் எண்ணெய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூமியில் ஓர் ஆலையில், இயற்கையில் இல்லாத மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த செயற்கை எண்ணெய் அது. மாறாநெய் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். ஊரில் எல்லோரும் ஆயில் என்றே சொன்னார்கள். பெயர் வைத்தவர்களுக்கு அது தெரியாது.

ஞானதிரவியத்துக்கு அந்த ஊரில் உத்தியோகமே ஆயில்தான். 'மாதிரி சேகரிப்பாளர்' என்று அடையாள அட்டையில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, சோதனைக்கென்று குறித்த பன்னிரண்டு வண்டிகளிலிருந்து ஒவ்வொரு குப்பி எண்ணெய் எடுத்து, அரக்கு முத்திரை வைத்துப் பூமிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஆய்வகத்தார் அதைப் பரிசோதித்து, எண்ணெய் எத்தனை ஆண்டு தாங்குகிறது என்று அறிக்கை தருவார்கள். முப்பது ஆண்டுகளாக அவர் இதைச் செய்து வந்தார். செய்து வந்ததாக ஊரும் நம்பியது.

சரக்குக் கலம் வருவதற்குப் பதினோரு நாள் இருக்கும்போது மகள் ஜெபமலர், இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"எப்பா, எங்க வண்டி ஒரு மாதிரி தட்டுது. செவப்பு லைட்டு வேற வந்து வந்து போகுது."

"எப்பம் இருந்து?"

"ஒரு வாரமா. அவுக ஆலைக்குப் போயிருக்காவ, வந்து பாப்பாவன்னு இருந்தேன். நேத்தையில இருந்து சத்தம் கூடிட்டு."

ஞானதிரவியம் குளிருடையை மாட்டிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த அவள் வீட்டுக்குப் போனார். தலைக்கவசத்தை எஞ்சின்மீது ஒட்டவைத்துக் கேட்டார். அடியிலிருந்து டக், டக் என்று வந்தது. எஞ்சினின் சுழல்தண்டைப் பிடித்திருக்கும் தாங்கி தேய்ந்திருக்கிறது. அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். அதில் ஒட்டி வந்தது எண்ணெய் இல்லை. அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒன்று.

"என்னப்பா, மோசமா?"

"ஒண்ணுமில்லட்டி. கலம் வரட்டும். புது ஆயில் வந்ததும் மொத வேலையா ஒனக்குத்தான் மாத்துவேன்."

சொல்லிவிட்டாரே தவிர, மகள் முகத்தைப் பார்க்காமலே கம்பியைத் துடைத்துச் செருகினார். ஏனென்று அறிய இருபத்தாறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

மாதிரி எடுப்பது சொல்வதுபோல் சுலபமான காரியம் இல்லை. வண்டிக்கடியில், அந்தக் குளிரில், மல்லாந்து படுக்க வேண்டும். எஞ்சினை ஒன்பது நிமிடத்துக்கு மேல் அணைத்தால் குளிரில் மறுபடி கிளம்பாது. கொதிக்கும் எண்ணெய் கையுறைமேல் சொட்டும். இதெல்லாம் போதாதென்று வீட்டுக்காரர்கள் வேறு, "நம்ம வண்டிதான் கெடைச்சுதா? நல்லா ஓடுறத ஏன் நோண்டுதீரு?" என்று தலைமாட்டில் வந்து நிற்பார்கள். முதல் மூன்று ஆண்டு ஞானதிரவியம் இத்தனையும் பொறுத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் எடுத்தார். நான்காம் ஆண்டு, குப்பிகளை அனுப்ப வேண்டிய நாளில் மனைவி அன்னபாக்கியத்துக்கு வலி கண்டது. பிரசவம் சிக்கலாகி இரண்டு நாள் இழுத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் குப்பிகளை ஏற்றிக்கொண்டு சில மாதத்தில் பூமியை எட்டும் சின்ன அஞ்சல் கூடு கிளம்ப ஒரு மணி நேரமே இருந்தது. கிடங்குக்கு ஓடினார். பீப்பாயிலிருந்த புது எண்ணெயைப் பன்னிரண்டு குப்பியிலும் ஊற்றி, நம்பும்படியாக இருக்கட்டுமென்று அடுப்புக் கரியில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, முத்திரை வைத்து அனுப்பிவிட்டார்.

பூமியிலிருந்து பதில் வந்தது: 'எண்ணெயின் தரம் மிக நன்று. தேய்மானம் இல்லை. வாழ்த்துகள்.'

மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதிப்பட்டவர், அடுத்த ஆண்டுதான் தாம் மாட்டிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். இப்போது உண்மையான கறுப்பு எண்ணெயை அனுப்பினால், போன வருஷம் எப்படிப் புதுசாக இருந்தது என்று கேட்க மாட்டார்களா? ஆகவே மறுபடி பீப்பாய், மறுபடி ஒரு சிட்டிகைக் கரி. ஆண்டுக்கு ஆண்டு கரியைக் கொஞ்சம் கூட்டினார். பொய்யிலும் ஒரு கிரமம் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆய்வகம் ஆண்டுதோறும் 'மிக நன்று' என்றது. எண்ணெய் மாற்றும் தவணை ஓராண்டிலிருந்து ஐந்தாண்டாயிற்று, பிறகு பத்தாண்டு, கடைசியில் 'மாற்றவே தேவையில்லை' என்றாகிவிட்டது. தவணை நீள நீளக் கலத்தில் வரும் பீப்பாய்கள் குறைந்தன. ஞானதிரவியத்துக்குத் தூக்கம் கெட்டது. பத்தொன்பதாம் ஆண்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, பன்னிரண்டு வண்டிக்கடியிலும் படுத்து நிஜமான எண்ணெயை எடுத்து அனுப்பினார். தார் மாதிரி இருந்தது. வேலை போகும், ஊர் காறித் துப்பும் என்று தயாராகக் காத்திருந்தார்.

பதில் வந்தது: 'எண்ணெயின் தரம் மிக நன்று. தேய்மானம் இல்லை. வாழ்த்துகள்.'

அன்றைக்கு அவர் அழுதார். சந்தோஷத்தில்தான். தாம் இத்தனை காலம் சொன்னது பொய்யே இல்லை, எண்ணெய் நிஜமாகவே கெடவில்லை, கறுப்பு வெறும் நிறம்தான் என்று நினைத்துக்கொண்டார். படித்தவர்கள் கருவியில் போட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு அவருக்கு என்ன சந்தேகம்? அதற்கப்புறம் ஊரில் யாராவது, "அண்ணாச்சி, ஆயில் கருகிப் போய்ட்டே" என்று கேட்டால், "நெறத்தப் பாத்துப் பயப்படாதேயும். நெறம் வேற, கொணம் வேற" என்று மனசாரச் சொன்னார். அடுத்த ஆண்டிலிருந்து மறுபடி பீப்பாய் எண்ணெய்தான் அனுப்பினார். எப்படியும் முடிவு ஒன்றுதான் எனும்போது குளிரில் எதற்குப் படுக்க வேண்டும்?

இப்போது மகள் வண்டி தட்டியது. ஒரு வண்டிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனால் அந்தப் பதினோரு நாளில் மேலும் நான்கு வீட்டிலிருந்து ஆள் வந்து அதே சத்தத்தைச் சொன்னார்கள்.

கலம் சொன்ன நாளில் வந்தது. ஆள் இல்லாமல் தானே வந்து இறங்கும் கலம். பூமியிலிருந்து ஏழாண்டுப் பயணம். ஊர்த் தலைவர் பொன்பாண்டியும் ஞானதிரவியமும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். மருந்து இருந்தது, விதை இருந்தது, துணி இருந்தது. எண்ணெய் இல்லை. எண்ணெய்க்கு ஒதுக்கிய இடத்தில், வண்டியின் முன்புறம் ஒட்டிக்கொள்வதற்காக இருநூற்றுப் பன்னிரண்டு பளபளப்பான வில்லைகள் இருந்தன. 'மாறாநெய் - வாழ்நாள் துணை' என்று பொறித்திருந்தது. கூடவே, கலம் கிளம்புமுன் ஏழாண்டுக்கு முன்னால் எழுதிய ஒரு கடிதம். இருபத்திரண்டு ஆண்டுச் சோதனை முழு வெற்றி, மாற்றத் தேவையில்லாத எண்ணெயை மேலும் தயாரிப்பது வீண் என்பதால் ஆலையை மூடிவிட்டோம், ஆய்வகத்தையும் மூடுகிறோம், மஞ்சள்மேட்டின் மாதிரிக் குப்பிகளை நினைவுப் பரிசாகத் திருப்பி அனுப்புகிறோம்.

"ஒம்ம பேரு போட்டு ஒரு பெட்டி இருக்குவே" என்றார் பொன்பாண்டி.

ஞானதிரவியம் பெட்டியைத் திறந்தார். குப்பிகள் ஆண்டு வாரியாக அடுக்கியிருந்தன. முதல் இரண்டு ஆண்டுக் குப்பிகளில் முத்திரை உடைந்திருந்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து எதிலுமே உடையவில்லை. அவர் அரக்கில் அழுத்திய பெருவிரல் ரேகை அப்படியே இருந்தது. பத்தொன்பதாம் ஆண்டின் தார்க் குப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவற்றையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

அவர் பொய் சொல்லத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே அவர்கள் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். முந்தைய ஆண்டு அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆய்வகத்தை மூடிய பிறகும் அந்த அறிக்கை ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தது. பிடிபடுவோமோ என்று அவர் தூக்கம் கெட்டதெல்லாம் வீண். இருபத்தாறு வருஷப் பொய், அதைக்கூட ஒருத்தரும் படிக்கவில்லை. அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து பொன்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பொன்பாண்டி பளபளப்பான வில்லை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாசமாப் போச்சு" என்றார். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பூமிக்குச் செய்தி அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. மூடிய ஆலையைத் திறக்க முயல்வதாகவும், இன்றே எண்ணெய் ஏற்றினாலும் வந்து சேர ஏழாண்டு ஆகுமென்றும், அதுவரை வண்டிகளைக் கவனமாகப் பராமரிக்கும்படியும் யாரோ ஒருவர் எழுதியிருந்தார்.

ஞானதிரவியத்திடம் நான்கு லிட்டர் புது எண்ணெய் மிச்சம் இருந்தது. வரும் ஆண்டுகளின் பொய்க்காக ஒதுக்கி வைத்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே மகள் வீட்டுக்குப் போனார். ஒன்பது நிமிடத்துக்குள் பாதி கறுப்பை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி எஞ்சினை முடுக்கினார். தட்டும் சத்தம் குறைந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. ஜெபமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாப் போச்சுப்பா" என்றாள். வெகு ஆண்டுகளுக்குப் பிறகு தம் வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி அவருக்கு.

புது எண்ணெய்க்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் உள்ளே படிந்து கெட்டித்திருந்த கசண்டை அது பெயர்த்தது. பெயர்ந்த கசண்டு, எண்ணெயை மேலே ஏற்றும் உறிஞ்சு குழாயின் வாயை அடைத்தது. ஊற்றிய மறுநாள் மதியம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கீச்சுச் சத்தத்தோடு எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து அந்த உறுமலைக் கேட்டே வளர்ந்த பிள்ளை, அது நின்றதும் வீரிட்டு அழுதது. ஜெபமலரும் மருமகன் செல்வினும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஞானதிரவியம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஊர்க் கூட்டம் கூடியது. நடந்ததையெல்லாம் பொன்பாண்டி எடுத்துச் சொன்னார். ஞானதிரவியம் எழுந்து ஒரு யோசனை சொன்னார். பிழைக்க அது ஒன்றுதான் வழி. ஒரு வண்டியால் ஒரு வீட்டைத்தான் சூடாக்க முடியும். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் நெருக்கிப் படுக்கலாம். நல்ல நிலையிலுள்ள பாதி வண்டிகளை மட்டும் ஓட்டுவோம். அவை தேய்ந்ததும், ஓய்வில் இருப்பவற்றுக்கு ஓடுகிறவற்றின் சூட்டைக் கொடுத்து எழுப்புவோம். இப்படி மாற்றி மாற்றி ஏழாண்டை ஓட்டிவிடலாம். ஆனால் எது நல்லது, எது கெட்டது என்று சரியாகத் தெரிய வேண்டும். கெட்ட வண்டியை நம்பி இரண்டு குடும்பம் படுத்தால் இரண்டும் போகும்.

"நான் வீடு வீடா வந்து பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

"நீரு பாத்துக் கிழிச்சது போதும் ஓய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் அதை ஆமோதித்தது.

ஆகவே அவரவர் வண்டியை அவரவரே பார்ப்பதென்று முடிவாயிற்று. ஒரு மாதத்துக்கு, தினமும் காலையில் அளவுக்கம்பியை உருவி, ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட வேண்டும். சொட்டு தேன் நிறத்தில் பரவினால் நன்று. பழுப்பானால் சுமார். பரவாமல் நடுவில் கரும்பொட்டாக நின்றால் மோசம். அதைக் கதவில் ஒட்டிய தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். துணியையும் கேட்டு வாங்கலாமா என்று ஞானதிரவியத்துக்குத் தோன்றியது. ஆனால் இருபத்தாறு வருஷம் பொய் சொன்னவனுக்கு ஊரைச் சந்தேகப்பட என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்திருந்தது. இது அவரவர் உயிர். இதில் போய் யாராவது ஏமாற்றுவார்களா?

மாத முடிவில் தாள்கள் அவரிடம் வந்தன. எண்ணித் தலைவரிடம் கொடுப்பது மட்டும் அவர் வேலை. மேசையில் பரப்பிப் பார்த்தார். முதல் தாளில் முப்பது நாளும் 'நன்று'. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஒரே மையில், ஒரே மூச்சில், மேலிருந்து கீழே 'நன்று, நன்று' என்று இறங்கியிருந்தது. ஒருவர் முதல் வரியில் எழுதிவிட்டுக் கீழே கோடு இழுத்திருந்தார். இன்னொருவர் அடுத்த மாதத்துக்கும் சேர்த்தே நிரப்பிக் கொடுத்திருந்தார். 'மோசம்' என்று எழுதினால் தன் வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்தவன் வீட்டு மூலையில் ஒண்ட வேண்டும். அதற்கு ஊரில் ஒருவர்கூடத் தயாராக இல்லை.

அடியில் இருந்த ஒரு தாளைக் கண்டதும் அவர் கை நின்றது. ஜெபமலர் வீட்டுத் தாள். அதிலும் முப்பது நாளும் 'நன்று'.

"ஏட்டி, இங்க வா. இது யாரு எழுதுனது?"

ஜெபமலர் தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான்."

"வண்டி நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுல்லா!"

"மோசம்னு போட்டா வீட்டப் பட்டியல்லயிருந்து எடுத்துருவாவப்பா. பொறவு ஆயில் வந்தாலும் நமக்குத் தர மாட்டாவ. எல்லாரும் நன்றுன்னுதான் போடுதாவ, நாம மட்டும் ஏன் போடாம இருக்கணும்?"

அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. தாளைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தார். கிழித்தால் மகள் பொய் சொன்னாள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அப்பன் போதாதென்று மகளுமா என்பார்கள். கடைசியில் அதையும் கட்டில் சேர்த்து, மேல்தாளில் 'இருநூற்றுப் பன்னிரண்டும் நன்று' என்று எழுதிப் பொன்பாண்டியிடம் கொடுத்தார். பொன்பாண்டி கட்டைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டார். எல்லா வண்டியும் நன்றாக இருப்பதால் எவற்றை ஓட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள்.

நான்கு நாள் கழித்து வாசற்கதவு தட்டப்பட்டது. ஞானதிரவியம் திறந்தார். ஊரின் கீழ்க்கோடியில் குடியிருக்கும் தங்கநாடார், மனைவியோடும் வயதான மாமியாரோடும் இரண்டு மூட்டையோடும் நின்றிருந்தார். தலைக்கவசக் கண்ணாடிக்குள் மூவரின் உதடும் நீலம் பாரித்திருந்தது.

"அண்ணாச்சி, எங்கள ஒம்ம மக வீட்டுக்குப் போட்டிருக்காவ. நல்ல வண்டியாமே? வீடு பூட்டியிருக்கு, சாவியக் குடும்."

ஞானதிரவியம் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அந்த வண்டி எப்பமோ நின்னுட்டுவே" என்றார்.

தங்கநாடார் அவரையே பார்த்தார். திட்டுவார் என்று ஞானதிரவியம் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வண்டியும் நின்னு அஞ்சு நாளாச்சு அண்ணாச்சி. ஆலைக்குள்ள சுவத்தோரமா ஒண்டிக் கெடந்தோம். தாள்ல நன்றுன்னுதான் போட்டிருக்கோம். இப்பம் இதே மாதிரி எந்தெந்த வீட்டுக்கு எந்தெந்தக் குடும்பம் போயிருக்கோ, தெரியல."

அன்னபாக்கியம் வந்து கிழவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஜெபமலர் பாயை விரித்தாள். கதவைச் சாத்தியதும் அந்தச் சின்ன வீட்டில் எட்டுப் பேரின் மூச்சும் வெளியே ஓடும் எஞ்சினின் உறுமலும் சேர்ந்து கேட்டன. கிழவி சுவரில் கையை வைத்துச் சூட்டைத் தடவிப் பார்த்தாள்.

"எய்யா, இந்த வண்டி நல்லா இருக்குல்லா?" என்று கேட்டாள்.

குளிருடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மாட்டிக்கொண்டு வெளியே போய் அளவுக்கம்பியை உருவிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ஞானதிரவியம்.